ஸ்பிற்றி பஸ்ஸும் கொண்டக்டர் அண்ணையும்

எனக்கு எண்பத்தொரு வயது. பிள்ளைகள் ஏழு. ஏழையும் நானே வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றும் சோடை போகவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இராது. கொண்டக்டர் அண்ணையைப் பற்றி எழுத ரொறன்ரோவில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவரோடு பதினாலாயிரம் அடி மலைக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தவள் நான் ஒருத்திதான்.

உலகத்தில் ஓடுகிற வாகனம் எதிலும் உட்காரத் தெரியாத ஒரே மனிதர் அவர்.

ஊரில் இருபத்திரண்டு வருடம் பஸ் கொண்டக்டர். யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பு என்று அவர் நிற்காத மிதிபலகை இல்லை. கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்து பென்சனும் எடுத்துவிட்டார். ஆனாலும் யாரும் அவரை பிஸ்கட் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட ஐந்து வயது இளையவர். எனக்கும் அவர் அண்ணைதான். அவர் என்னை அக்கா என்பார். அவருடைய சொந்தப் பெயரை ஒரு முறை ஒரு பத்திரத்தில் பார்த்தேன். பொருந்தாத பெயர். மறந்துவிட்டேன்.

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் பஸ் தரிப்பிடம். காலையில் சனம் நெரிந்தால் அண்ணையின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். வாசலில் நின்றுகொண்டு தொடங்குவார்.

"உள்ளை போங்கோ, உள்ளை போங்கோ! நடுவிலை என்ன கிடங்கே வெட்டிக் கிடக்கு? தங்கச்சி, பாக்கை முதுகாலை கழட்டு. ஐயா, நீங்களுந்தான், அங்காலை சரியுங்கோ!"

சீனர், சோமாலியர், பிலிப்பினோக்காரர் எல்லாரும் உள்ளே போவார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் தமிழ் தெரியாது. கடைசி ஆள் ஏறியதும் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு. "றைற்!" சாரதி ஒரு ஜமேய்க்காப் பெண். முதல் வாரம் இறங்கி வந்து அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள். மூன்றாம் மாதம் அவர் தட்டும்வரை பஸ்ஸை எடுக்காமல் காத்து நின்றாள்.

என் மூத்தவன் றெஜி ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது அண்ணையையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வானுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்காக அவர் உட்கார்ந்துவிடுவாரா? முக்கால்வாசித் தூரம் கூனிக்கொண்டே வந்தார். வழியில் மார்க்கம் என்றொரு ஊர். சந்திக்குச் சந்தி ஒரே கேள்வி.

"மார்க்கம் இறங்கிற ஆக்கள் இருக்கோ?"

றெஜிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, இது என்ரை வான். இருக்கிறது முழுக்க என்ரை குடும்பம். ஒருத்தரும் இறங்கேல்லை!"

"கேக்கிறது என்ரை கடமை, தம்பி. இறங்கிறதும் இறங்காததும் அவையின்ரை விருப்பம்."

இப்படிப்பட்ட மனிதரோடு நான் ஏன் இமயமலைக்குப் போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் ஏழில் ஆறு பேர் ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் இருக்கிறார்கள். கடைசி ஜெசி மட்டும் இந்தியாவின் வடக்கு எல்லையில், திபெத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஸ்பிற்றி என்ற பள்ளத்தாக்கில் ஆடு எண்ணுகிறாள். பகிடி இல்லை. பத்து வருடம் யூனிவர்சிற்றியில் படித்து, டொக்டர் பட்டம் எடுத்து, மலையில் காட்டு ஆடு எண்ணுகிறாள். அந்த ஆட்டைத் தின்பதற்குப் பனிச்சிறுத்தை வருமாம். ஆடு எத்தனை என்று தெரிந்தால் சிறுத்தை எத்தனை பிழைக்கும் என்று சொல்லலாமாம். "அம்மா, இன்னும் ஒரு வருசந்தான்" என்று சொல்லிச் சொல்லி நாலு வருடம் வீட்டுப்பக்கம் வரவில்லை. வயது முப்பத்தொன்பது. மற்ற ஆறு பேரையும் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறவள், ஒன்றை மட்டும் சிறுத்தைக்கு விட்டுவிடுவேனா? நேரில் போய்க் கையோடு கூட்டி வருவது என்று முடிவு செய்தேன்.

றெஜி குதித்தான். "அம்மா, உங்களுக்கு விசரே? எஸ்கலேற்றரிலையே உங்களுக்குத் தலை சுத்தும்!"

"எஸ்கலேற்றர் தானா ஏறுது. அதுதான் சுத்துது. நானா ஏறினால் சுத்தாது."

எல்லைப் பகுதி என்பதால் வெளிநாட்டார் போக அனுமதிப் பத்திரம் வேண்டும். தனி ஆளுக்குத் தரமாட்டார்கள், இரண்டு பேராவது வேண்டும் என்று சொன்னார்கள். ஆறு பிள்ளைகளுக்கும் ஆறு காரணம் இருந்தது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு லிஃப்றில் ஏறினேன். அங்கே அண்ணை மாடி மாடியாகக் கூப்பிட்டு ஆட்களை இறக்கிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்கை பஸ் ஓடுதோ?"

"ஓடுதாம். மலை விளிம்பாலை, ஒரு முழுப் பகல் ஓட்டமாம்."

"எப்ப வெளிக்கிடுறம்?"

"அண்ணை, ஒண்டு. நான் ஜெசியைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவன். நீங்கள் என்ரை பக்கம் நிக்க வேணும்."

"நிக்கிறதுக்கென்ன அக்கா. நிக்கிறன்."

விமானத்துக்கு, போக இரண்டு பேர், வர மூன்று பேர் என்று பதியச் சொன்னேன். விமானத்தில் நடந்ததை விரித்துச் சொல்லப்போவதில்லை. பெல்ற் விளக்கு அணைந்த மறு நொடி எழும்பினார் என்பதும், டெல்லியில் வாசலில் நின்று "பாத்து, படி பாத்து" என்று முந்நூறு பேரை இறக்கிவிட்டவர் பணிப்பெண் அல்ல, அண்ணைதான் என்பதும் போதும்.

அங்கிருந்து மலைப்பட்டினம் ஒன்றுக்குப் போய், அனுமதிப் பத்திரம் எடுத்து, விடியற்காலை ஸ்பிற்றி பஸ் ஏறினோம். எனக்கு முன் சீற். அந்த பஸ்ஸின் சொந்தக் கொண்டக்டருக்கு நாற்பது வயது இருக்கும். கம்பளித் தொப்பி, தோளில் தோல் பை, கழுத்தில் விசில். அண்ணையும் அவரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அவருக்கு இந்தி, இவருக்குத் தமிழ். அண்ணை அந்தத் தோல் பையைத் தடவிப் பார்த்து, "எங்கடை பை இதிலும் அகலம்" என்றார். அந்த மனிதர் என்ன விளங்கிக்கொண்டாரோ, தலையாட்டினார். மூன்றாவது வளைவில் விசில் அண்ணையின் வாயில் இருந்தது.

அந்தப் பாதையை நான் எப்படிச் சொல்ல? ஒரு பக்கம் தலைக்கு மேலே தொங்கும் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் அடியில் நூல் மாதிரி ஆறு. எதிரே லொறி வந்தால் யாரோ ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். அண்ணை குதித்து இறங்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்று, "வா... வா... வா... இன்னும் ஒரு சாண்... ஓல்ட்!" என்று நிறுத்துவார். நான் வேதக்காரி. செபமாலையை எடுத்தேன். வளைவுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினேன். மத்தியானத்துக்கு முன் நாலு தரம் மாலையைச் சுற்றி முடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பிக்கு ஏறினார்.

ஏதோ ஒரு மண்வீட்டுக் கிராமத்தில், மெரூன் நிறப் போர்வையோடு, என் வயதை ஒத்த ஒரு பிக்கு கை காட்டினார். பஸ்ஸில் இடம் இல்லை. எங்கள் நாட்டில் பஸ்ஸின் முன் சீற் மதகுருமாருக்கு என்று எழுதியே இருக்கும். பிக்கு ஏறினால் யாராக இருந்தாலும் எழும்பிக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்தச் சட்டத்தைக் காத்த மனிதரின் உடம்பு தன்பாட்டில் என் பக்கம் திரும்பியது.

"அக்கா, எழும்புங்கோ. சாமிக்கு முன் சீற்."

"நான் எழும்பன். என்ரை முழங்காலைப் பாத்தீங்களோ?"

"சட்டம் அக்கா."

"எந்த நாட்டுச் சட்டம்? இது ஆரின்ரை நாடு?"

அவர் என்னை விட்டுவிட்டுப் பிக்குவிடம் திரும்பி, இருக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்டார். சிங்களத்தில்! பிக்கு என்றால் சிங்களம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய முடிவு. இமயமலைப் பிக்கு பாவம், சிரித்துக்கொண்டு என்னைக் காட்டி 'அவரை எழுப்பாதே' என்று கையசைத்தார். அண்ணை விடவில்லை. இவர் கும்பிட, அவர் கும்பிட, பஸ் நடுவழியில் நின்றது. கடைசியில் பிக்கு ஒரு வழி கண்டார். நடைபாதையில் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டையில் போய்க் குந்திக்கொண்டார்.

அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. "சாமி மூட்டையிலை, நாங்கள் சீற்றிலையோ? எழும்புங்கோ! எல்லாரும் எழும்புங்கோ!"

விசிலையும் ஊதினார். நம்புங்கள், முழு பஸ்ஸும் எழும்பியது. கைக்குழந்தைக்காரி எழும்பினாள், கோழிக்காரர் கோழியோடு எழும்பினார், கடைசியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும் எழும்பினேன். நாற்பது சீற்றும் வெறுமையாகக் கிடக்க, நாற்பது பேரும் நிற்க, மூட்டையில் ஒரேயொரு பிக்கு. அந்தக் கிழவருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள்! தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எழும்பி வந்து, என் கையைப் பிடித்து என்னை இருத்தி, பக்கத்தில் தானும் இருந்தார். போர்வைக்குள் இருந்து கல்லுப்போல ஒரு பாற்கட்டியை எடுத்துத் தந்தார். நான் பயத்தம் பணியாரம் கொடுத்தேன். அவர் அதை நெற்றியில் ஒற்றிவிட்டுச் சாப்பிட்டார். அவருடைய பாற்கட்டி நான் இறங்கும்வரை என் கன்னத்துக்குள் கரையாமல் கிடந்தது.

கீழ்ப்பட்டினத்தில் மூச்சுப் பழக இரண்டு நாள் தங்கி, பிறகு ஜெசி இருந்த கிராமத்துக்குப் போனோம். குன்றின் மேல் ஒரு பழைய மடம், அதற்குக் கீழே வெள்ளையடித்த மண்வீடுகள், காற்றில் அடிபடும் மந்திரக் கொடிகள். ஜெசி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். கன்னம் வெடித்து, மூக்குத் தோல் உரிந்து, உடம்பெல்லாம் ஆட்டு மணம்.

அன்றைக்கே என் வேலையைத் தொடங்கினேன். சோறு வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அரிசி அரிசியாகவே கிடக்கிறது. அந்த உயரத்தில் அப்படித்தானாம். எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

"சோறு வேகாத ஊரிலை மனிசர் இருக்கலாமே? வா பிள்ளை, வீட்டை போவம்."

"அம்மா, பிறஷர் குக்கரிலை வேகும். ஐ ஆம் ஃபைன் அம்மா, ரியலி."

நான் அண்ணையைப் பார்த்தேன், என் பக்கம் ஏதாவது சொல்லட்டும் என்று. அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி வெண்ணெய்த் தேநீரை மூன்றாம் தரம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்களை மலைமுகட்டுக்குக் கூட்டிப் போனாள். என்னை ஒரு கோவேறு கழுதையில் ஏற்றினார்கள். அண்ணை அதற்கும் பின்னால் நின்று "றைற்" சொன்னார். எதிர்ச்சரிவில் சாம்பல் நிற ஆடுகள். கல்லோ ஆடோ என்று எனக்குத் தெரியவில்லை. ஜெசி பெரிய கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்து எண்ணத் தொடங்கினாள். அண்ணை வெறும் கண்ணால் ஒரு தரம் பார்த்தார். நெரிசல் பஸ்ஸுக்குள் தலை எண்ணிய கண் அது.

"ஐம்பத்தேழு முழு. ஒன்பது அரை ரிக்கற்."

ஜெசி அரை மணித்தியாலம் எண்ணி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். "ஐம்பத்தாறு பெருசு, ஒன்பது குட்டி."

"அந்தக் கல்லுக்குப் பின்னாலை ஒண்டு ஒளிச்சு நிக்குது பிள்ளை. ரிக்கற் எடுக்காத ஆள் அப்பிடித்தான் நிக்கும்."

அந்த ஆடு கல்லுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தது. என் மகள் இவரைப் பார்த்த அந்தப் பார்வையோடு, என் ஆறு மருமக்களில் ஒருவரும் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நாலு நாள் இவர்கள் இரண்டு பேரும் விடிந்தால் மலையில். நான் ஊர்ப் பெண்களோடு இருந்து கம்பளி பிய்த்தேன்.

ஐந்தாம் நாள் என்னையும் வரச்சொன்னாள். வெயில் சாயும் நேரம். "அம்மா, அசையாதேங்கோ. அந்தப் பாறையிலை... வால் தெரியுதா?" நிமிர்ந்து நின்றால் சிறுத்தை விலகிவிடும் என்று அண்ணை கோயிலில் போல முழங்காலில் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஜெசி மூச்சு விடவில்லை. நானும் குழாய்க்குள் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பாறை. பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு பாறை.

"கண்டீங்களா அம்மா?"

"கண்டன் பிள்ளை. வடிவான மிருகம்."

அது பொய் என்று இன்றுதான் முதல்முதல் சொல்கிறேன்.

ஆனாலும் நான் வந்த காரியத்தை விடவில்லை. புறப்படும் நாள் காலை பஸ்ஸில் என்னை இருத்திவிட ஜெசி ஏறினாள். அந்த பஸ்ஸிலும் அண்ணைதான் கொண்டக்டர். உண்மையான கொண்டக்டர் பின் சீற்றில் நித்திரை. அவள் குனிந்து என்னைக் கொஞ்சியபோது அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை, எனக்கு நெஞ்சு நோகுது."

அவள் முகத்தில் இரத்தம் இல்லை. பக்கத்தில் விழுந்தாற்போல் இருந்தாள். "அம்மா! நான் வாறன், நானும் வாறன், பயப்படாதேங்கோ."

பஸ் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டு, அவ்வளவுதான் மிச்சம். என் பிள்ளை என் கைக்குள். நான் அண்ணையைப் பார்த்தேன். காலையில் நான் நாலு ரொட்டி சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். மிதிபலகையால் ஏறி என்னிடம் வந்தார்.

"அக்கா, மெய்யா நோகுதோ?"

"நோகுது."

"மெய்யெண்டால் வழியிலை ஒருத்தரையும் ஏத்தாமல் நேரை ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுறன். பொய்யெண்டால் பிள்ளையின்ரை கையை விடுங்கோ. பஸ் நிக்குது."

முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. ஒருவருக்கும் தமிழ் தெரியாது, எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஜெசிக்கும் விளங்கிவிட்டது. அவள் கையை இழுத்திருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். அவள் இழுக்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் விட்டேன்.

"இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ," என்றார் அண்ணை, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவள் என் நெற்றியில் கொஞ்சிவிட்டு இறங்கினாள். இரண்டு தட்டு. வளைவு வந்து அவளை மறைக்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறைந்த பிறகு பார்த்தேன்.

"என்ரை பக்கம் நிக்கிறன் எண்டீங்கள்," என்றேன்.

"நிண்டனான் அக்கா."

அதோடு நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். மலை இறங்கிய நாட்கள் முழுவதும் ஒரு சொல் இல்லை. அவர் தனக்குத்தானே வளைவு எண்ணிக்கொண்டு வந்தார். டெல்லியில் விமானம் ஏறினோம். மூன்று சீற், நடுவில் ஜெசிக்கென்று எடுத்த சீற் வெறுமையாக இருந்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பெல்ற் விளக்கு அணைந்தது. இப்போது எழும்புவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பியது உண்மைதான். தன் சீற்றில் இருந்து நடுச் சீற்றுக்கு மாறி உட்கார்ந்தார். ரொறன்ரோ வரும்வரை எழும்பவில்லை. சாப்பாட்டுத் தட்டை எனக்குத் திறந்து தந்தார். நான் நன்றி சொல்லவில்லை.

ஆறு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. நான் வைராக்கியக்காரி, ஏழு வளர்த்தவள். லிஃப்றில் கண்டால் அவர் சுவரைப் பார்த்து, "ஒன்பதாம் மாடி இறங்கிற ஆக்கள்" என்பார். நான் சுவரைப் போலவே இறங்கிப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசி போனில் வந்தாள். "அம்மா, கொண்டக்டர் அங்கிள் நிக்கிறாரா? ஒரு ஆட்டுக் கூட்டத்தின்ரை படம் அனுப்புறன், எண்ணச் சொல்லுங்கோ. எனக்கு ஒவ்வொரு முறையும் வேற கணக்கு வருது." நான் என்ன செய்ய? பதினோராம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஜெசி கேட்டவள்," என்றேன். ஆறு மாதத்தில் முதல் சொல்.

வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி எண்ணிக் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, கையைப் பிடிச்சு ஏத்தின ஆள் கடைசி மட்டும் வாசலைத்தான் பாத்துக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருசம் கண்டனான்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படம் வருகிறது, அண்ணை வருகிறார், நான் இரண்டு பேருக்குப் புட்டு அவிக்கிறேன்.

போன கிறிஸ்மஸுக்கு ஜெசி வந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை, தானே ரிக்கற் போட்டுத் தானே வந்தாள். மூன்று வாரம் நின்றாள். நான் அந்த மூன்று கிழமையும் அவளுடைய கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் வாசலைப் பார்க்கவில்லை. போகிற நாள், நான் அவளுடைய பெட்டியை அடுக்கிக் கொடுத்தேன்.

இவ்வளவுதான் கதை. பேத்தி ஆன் பக்கத்து அறையில் இருக்கிறாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நிதானமாக வாசிப்பாள்.

ஆன், இஞ்சை வா பிள்ளை. இதை ஒருக்கால் முதல்லையிருந்து வாசிச்சுக் காட்டு. அந்த ஆறு மாசமும் கதையாமல் இருந்ததிலை எனக்குத்தான் நட்டம் எண்டு எங்கையாவது எழுதியிருக்கிறனோ எண்டு பாத்துச் சொல்லு. எழுதேல்லையெண்டால், கீழை கொஞ்ச இடம் விட்டிருக்கிறன்.